மாலையிலும் தண்ணீர் விடணுமா? மாடித்தோட்டக் கோடைப் பஞ்சாயத்து

செம்மண்:
“கோடையில் மாடித்தோட்டத்துக்குக் காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் கட்டாயம். ஒரு வேளை தவறினாலும் செடி போச்சு.” புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்குப் பூவாளி நேற்று வழங்கிய அருள்வாக்கு இது. காலைத் தண்ணீரில் எனக்குத் தகராறு இல்லை. மாலைத் தண்ணீர் எதற்கு?

12க்கு 12 அங்குலப் பையில் சுமார் 18 லிட்டர் கலவை பிடிக்கும். செம்மண், கழுவிய தென்னை நார்த்தூள், மண்புழு உரம் மூன்றும் சமபங்கு என்றால், செடி உறிஞ்சக்கூடிய ஈரம் அதில் ஐந்தில் ஒரு பங்கு. மூன்றரை லிட்டர் என்று வையுங்கள். இரண்டடி அகலம் படர்ந்த தக்காளிச் செடியின் பரப்பு 0.28 சதுர மீட்டர். மே மாதத்தில் நாளொன்றுக்கு 7 மி.மீ. ஆவியாகிறது, அதாவது சதுர மீட்டருக்கு 7 லிட்டர், என்றாலும் செலவு இரண்டு லிட்டர்தான். காலை ஆறரைக்கு நிறைய ஊற்றினால் மறுநாள் காலையிலும் ஒன்றரை லிட்டர் மிச்சம் இருக்கும். அதன் தலையில் மாலையிலும் ஊற்றினால் வேருக்குக் காற்று ஏது? வேரை அழுகவைக்கும் பித்தியம் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம்.

பூவாளி:
செம்மண் சார், கணக்கு பிரமாதம். செடிக்குத்தான் அந்தக் கணக்கு தெரியாது. நீங்க சொல்ற 7 மி.மீ. திறந்தவெளித் தரையில அளக்குறது. மொட்டை மாடியில அடியில காங்கிரீட் சூடு, நாலு பக்கமும் காத்து, கைப்பிடிச் சுவர்ல பட்டுத் திரும்புற வெயில். கறுப்புப் பையோட மேற்குப் பக்கத்தை மதியம் மூணு மணிக்குத் தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியாது. அந்தப் பக்க வேர் வெந்துடும். மிச்ச வேர்தான் முழுச் செடிக்கும் தண்ணி இழுக்கணும். உங்க 18 லிட்டர்ல பாதி அதுக்கு எட்டாது. அக்னி நட்சத்திரம் முடியுற வரைக்கும் மாலைத் தண்ணி கட்டாயம். திரும்பவும் சொல்றேன், கட்டாயம்.

நெல்லைச்சீமை:
எந்த அளவுப் பைக்குப் பேசுதீய? 8 அங்குலத் தொட்டின்னா அஞ்சு லிட்டர் மண்ணுதான் இருக்கும், செடி எடுக்கக்கூடிய ஈரம் ஒரு லிட்டர். அதுல காய்க்கிற மிளகாய்ச் செடி நின்னா சாயங்காலத்துக்குள்ள காலி. 15 அங்குலப் பைக்கு ஒரு வேளையே சில நாள் கூடுதல். பை அளவச் சொல்லிட்டுச் சண்டை போடுங்க.

செம்மண்:
பூவாளி, கை வைக்க முடியாத சூடு என்று நீங்களே சொல்கிறீர்கள். சூட்டுக்கு மருந்து நிழல். 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். பைகளை நெருக்கி வையுங்கள், ஒன்றின் நிழல் அடுத்ததில் விழும். மேற்கு வரிசைக்கு வெளிப்பக்கமாக ஒரு வெள்ளைச் சாக்கு கட்டுங்கள். அடியில் இரண்டு செங்கல் கொடுத்துத் தளத்திலிருந்து தூக்குங்கள். மேலே இரண்டு அங்குலம் காய்ந்த இலை மூடாக்கு. இதில் ஒன்றையும் சொல்லாமல் தண்ணீர், தண்ணீர் என்றால் எப்படி? தண்ணீர் சூடேறச் சூடேற அதில் கரைந்து நிற்கும் ஆக்ஸிஜன் குறையும். சூடான மண்ணில் தண்ணீர் தேங்குவதுதான் வேருக்கு இரட்டைக் கேடு.

மதியம் இரண்டு மணிக்குப் பாகல், சுரை, பூசணி இலை தொங்குவதைப் பார்த்துத்தானே பதறுகிறீர்கள்? வேர் இழுக்கும் வேகத்தைவிட இலை விடும் வேகம் கூடும்போது மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை தொங்கும். ஆறு மணிக்கு நிமிர்ந்துவிட்டால் செடிக்குத் தாகம் இல்லை. விடிகாலையிலும் தொங்கினால்தான் கவலை. அப்போதும் முதலில் வேரைப் பார்க்க வேண்டும், பூவாளியை அல்ல. மாலைத் தண்ணீர் எதற்கு? போதாக்குறைக்கு இரவெல்லாம் ஈரம் நின்று வெண்டையில் சாம்பல் நோய் வேறு.

பூவாளி:
சாம்பல் நோயா! இலை மேல தண்ணி நின்னா சாம்பல் நோய் வித்து சரியா முளைக்கவே முளைக்காது சார். காத்துல ஈரப்பதம் இருந்தா போதும் அதுக்கு. இலை நனைஞ்சு கிடந்தா வர்றது அடிச்சாம்பல் நோய். பாகல், வெள்ளரி இலையில மேலே மஞ்சள் கட்டம் கட்டமா, அடியில சாம்பல் பூத்து வரும். ரெண்டும் வேற வேற நோய், மருந்தும் வேற. இது தெரியாமத்தான் இங்க வேப்பம் புண்ணாக்கு விவாதத்துல அன்னைக்கு எனக்குப் பாடம் எடுத்தீங்களா?

செம்மண்:
பெயர் எதுவானால் என்ன, இலை போனது போனதுதான். வேப்பம் புண்ணாக்கை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? பைக்கு 100 கிராம் போதும் என்று அன்று சொன்னேன், இன்றும் அதையேதான் சொல்கிறேன். மாலைத் தண்ணீருக்குப் பதில் இல்லாததால் பேச்சு நோய்க்குத் தாவுகிறது.

பூவாளி:
நோய்ப் பேச்சை எடுத்ததே நீங்கதான். தண்ணியை இலையில தெளிக்கச் சொன்னது யாரு? தூர்ல ஊத்தணும். வெயில்ல கிடந்த குழாய்ல முதல்ல வர்ற சுடுதண்ணியைக் கொட்டிட்டு, கையில வாங்கிப் பார்த்துட்டு ஊத்தணும். இதையும் நேத்தே எழுதியிருக்கேன். ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு மீதியை யாரும் படிக்கிறதில்லை.

மூடாக்கு_முனியன்:
ரெண்டு பேரும் பைக்கு அடியில் பழுப்பாக வடியும் தண்ணீரைப் பார்த்தீர்களா? அதில் போவது மண்புழு உரத்தின் சத்து. அதிகம் ஊற்றினால் தழைச்சத்து கரைந்து ஓடும், அடியிலை வெளுக்கும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா கலந்து விட்டால் சரியாகும்.

செம்மண்:
முனியன் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. அதைத்தான் நானும் கத்துகிறேன். மாலையிலும் ஊற்றி உரத்தைச் சாக்கடைக்கு அனுப்புகிறார்கள்.

பூவாளி:
முனியன் தம்பி, புதுப் பையில வடியுற பழுப்பு பெரும்பாலும் நார்த்தூள் சாறு. கட்டியை ஊற வச்சுப் பிழிஞ்சு மூணு தடவை தண்ணி மாத்தியிருந்தா அவ்வளவு நிறம் இருக்காது. கழுவாம நிரப்புனா நிறத்தோட உப்பும் உள்ளயே நிக்கும், இலை ஓரம் கருகும். அதுக்குப் பஞ்சகவ்யா என்ன பண்ணும்?

மூடாக்கு_முனியன்:
பஞ்சகவ்யாவைக் கிண்டல் செய்தால் நான் பேசுவதற்கில்லை. ரசாயன உரக்காரர்கள் எப்போதும் இப்படித்தான்.

பூவாளி:
யாரு ரசாயனம்? நார்த்தூளைக் கழுவச் சொன்னா ரசாயனமா?

சரி, செம்மண் சாருக்கு வர்றேன். நார்த்தூள் கலவை காய்ஞ்சா சுருங்கிப் பையோட ஓரத்துல விரல் அகலம் இடைவெளி விடும். காலையில நீங்க ஊத்துற மூணு லிட்டர்ல பாதி அந்த இடுக்கு வழியா நேரா அடித்துளைக்கு ஓடிரும். கீழே தண்ணி வந்துடுச்சு, நனைஞ்சுடுச்சுன்னு நீங்க போயிடுவீங்க. நடுவுல தோண்டிப் பார்த்தா மாவு மாதிரி காய்ஞ்சு கிடக்கும். அதனாலதான் மாலைத் தண்ணி.

செம்மண்:
அது ஊற்றத் தெரியாததன் விளைவு. ஓரத்து இடுக்கை விரலால் அழுத்தி மூடிவிட்டு முதலில் அரை லிட்டர். கலவை ஊறி உப்ப பத்து நிமிடம் விடுங்கள். பிறகு மீதி ஒன்றரை லிட்டரைப் பொறுமையாக ஊற்றினால் ஒரு சொட்டு ஓடாது. சொட்டுநீர் என்றால் மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டுவானை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், இந்தத் தொல்லையே இல்லை. எல்லாம் காலையிலேயே. மாலைத் தண்ணீர் எதற்கு?

பூவாளி:
பத்து நிமிஷம் கழிச்சு ரெண்டாவது தடவை ஊத்துறீங்களே, அது ரெண்டு வேளை இல்லையா?

செம்மண்:
இல்லை.

நெல்லைச்சீமை:
அண்ணாச்சி, இன்னும் பை அளவு வரல. கறிவேப்பிலைக்கா, கீரைக்கா, தக்காளிக்கா, அதுவும் வரல. கீரைத் தட்டு நாலு அங்குல ஆழந்தான், கோடையில ரெண்டு வேளையும் பூவாளியாலத் தெளிச்சாத்தான் நிக்கும். பெரிய டிரம்முல வேரூன்றுன கறிவேப்பிலைக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை போதும். தக்காளிக்கு வேளையைவிட ஒழுங்கு முக்கியம். ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் கொட்டினா சுண்ணாம்புச் சத்து காய் நுனிக்குப் போய்ச் சேராம அடி கருத்து அழுகும், பழம் வெடிக்கும்.

செம்மண்:
நெல்லை, நீங்களும் ஒரு வேளை போதும் என்றுதானே சொல்கிறீர்கள். நல்லது.

பூவாளி:
அண்ணாச்சி ரெண்டு வேளைன்னு சொன்னதை விட்டுட்டீங்க பாருங்க.

செம்மண்:
கீரைக்குச் சொன்னார். கட்டாயம் என்று நீங்கள் எழுதியது எல்லாச் செடிக்கும். வாதம் வேண்டாம், மூங்கில் குச்சி ஒன்றை எடுத்துச் சாயங்காலம் பை நடுவில் அரையடி ஆழத்துக்குக் குத்துங்கள். ஐந்து நிமிடம் கழித்து உருவினால் குச்சி கறுத்து ஈரமாக வரும், கூடவே மண்ணும் ஒட்டி வரும். அந்த ஈரத்தை வைத்துக்கொண்டு ஊற்றுவது செடிக்குச் செய்கிற நல்லது இல்லை.

பூவாளி:
நார்த்தூள் கலவையில குச்சிச் சோதனை ஏமாத்தும் சார். செடி வாடி விழுற கட்டத்துலயும் நார்த்தூள் கையில ஈரமாத்தான் இருக்கும். அந்த ஈரம் குச்சியில ஒட்டும், வேருக்குக் கிடைக்காது. பையைத் தூக்கி எடை பார்த்தாதான் தெரியும். நிறைய ஊத்தி வடிஞ்சதும் ஒரு தடவை தூக்கி அந்தக் கனத்தை மனசுல வச்சுக்கிட்டு, சாயங்காலம் மறுபடி தூக்கணும். மாடியில இந்த மாசம் தூக்குற ஒவ்வொரு பையும் இலேசாத்தான் இருக்கு. இன்னைக்குச் சாயங்காலமும் ஊத்தத்தான் போறேன்.

செம்மண்:
ஊற்றுங்கள். ஆடியில் உங்கள் கத்திரிச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரின் நிறத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.