ஒரே நாளில் இரண்டு சைக்கிள், இரண்டு கிராங்க் நீளம்: முழங்கால் வலி இதனாலா?

மண்டபம்_கணக்கப்பிள்ளை:
காலையில் பால், இட்லி மாவு வாங்க அப்பாவின் பழைய ராடு பிரேக் சைக்கிள். அப்புறம் பாம்பன் பாலம் தாண்டித் தங்கச்சிமடம் கருவாட்டுக் கிடங்குக்குப் போக, போன வருஷம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கியர் சைக்கிள். வயது 47, உயரம் ஐந்தடி நாலு அங்குலம்.

பிரச்சினை வலது முழங்கால். சாயங்காலம் திரும்பும்போது கச்சான் காற்று இடப்பக்கமாக முகத்தில் அடிக்கும். நடுப்பாலம் ஏறுவதற்குள் சில்லுக்குக் கீழே ஊசி குத்துகிறது. அப்பா சைக்கிளில் அரிசி மூட்டையோடு மிதித்தாலும் இது வருவதில்லை.

நேற்று துடைத்துப் பார்த்தேன். கியர் சைக்கிள் கிராங்கின் (பெடலை அச்சோடு இணைக்கும் கை) உள்பக்கம் 175 என்று குத்தியிருக்கிறது, மில்லிமீட்டர் கணக்கு. அப்பா சைக்கிளில் எழுத்து ஏதும் தெரியவில்லை, எல்லாம் உப்புத் துரு. அச்சு நடுவிலிருந்து பெடல் நடுவரை ஸ்கேல் வைத்தேன்: பதினாறரை சென்டிமீட்டர், அதாவது 165. ஒரு சென்டிமீட்டர் இவ்வளவு வேலை காட்டுமா? கடையில் கேட்டால் “பெடல்னா பெடல்தான் சார்” என்று சிரிக்கிறார்கள். ஆனால் ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் ஏறினால் கொஞ்ச தூரத்துக்குக் கால் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது.

கீழக்கரை_காக்கா:
ஒன்று இல்லை தம்பி, இரண்டு. நீளக் கிராங்கில் பெடல் கீழே ஒரு சென்டிமீட்டர் கூட இறங்கும், மேலேயும் ஒரு சென்டிமீட்டர் கூட ஏறும். கீழே எட்டவில்லை என்று சீட்டை ஒரு சென்டிமீட்டர் இறக்கினால், மேலே வரும் பெடல் இடுப்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கிட்டே வந்துவிடும். அவ்வளவு மடங்கின காலால் காற்றை எதிர்த்து அழுத்துகிறீர்கள்.

சீட்டு உயரத்தை எப்படி வைத்தீர்கள்? கிராங்கைச் சீட்டுத் தண்டின் நேர்கோட்டில் கீழே நிறுத்தி, சீட்டின் மேலிருந்து பெடல்வரை அளந்து சொல்லுங்கள். இரண்டு சைக்கிளிலும்.

மண்டபம்_கணக்கப்பிள்ளை:
காக்கா, தூண்டில் நரம்பில் முடிச்சுப் போட்டு அளந்தேன். அப்பா சைக்கிள் 81 சென்டிமீட்டர். கியர் சைக்கிள் 78. காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ரயில் வருவதைப் பார்க்கச் சுற்றுலா வண்டிகளை நடுப்பாலத்திலேயே நிறுத்திவிடுவார்கள். சட்டென்று இரண்டு காலையும் ஊன்ற வேண்டுமே என்று சீட்டை அமுக்கிவிட்டேன்.

கணக்குப் போட்டும் பார்த்துவிட்டேன். பெடல் மேலே இருக்கும்போது கிராங்க் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு குறையும்: அப்பா சைக்கிளில் 81-இல் 33 போக 48. இதில் 78-இல் 35 போக 43. ஐந்து சென்டிமீட்டர்! கிராங்க் பாதிக் குற்றவாளிகூட இல்லை.

ராம்நாடு_ஞாயிறு_சவாரி:
சீட்டை ஏற்றுங்கள் அண்ணே. அதற்கப்புறமும் வலித்தால் 165-க்கு மாறலாம், பலம் குறையும் என்று பயப்பட வேண்டாம். நெம்புவதில் வித்தியாசம் ஆறு சதவீதம்தான். பின் சக்கரத்தில் 17 பல் கியருக்குப் பதில் 18 பல் கியரில் செயினைப் போட்டால் சரியாகிவிடும், கியர் எதற்கு இருக்கிறது? 2001-இல் ஜிம் மார்ட்டின் என்ற ஆய்வாளர் 120 முதல் 220 மில்லிமீட்டர்வரை கிராங்க் போட்டு மிதிக்க வைத்துப் பார்த்தார். உச்ச பலத்தில் வித்தியாசம் நாலு சதவீதத்துக்குள்தான். இப்போது டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற பொகாச்சரே 165 போடுகிறார். அவர் உங்களைவிட உயரம்.

தொண்டி_டீச்சர்:
மாற்றினால் இரண்டு பக்கக் கிராங்க் கையையும் சேர்த்து மாற்றுங்கள் தம்பி. என் மகன் சைக்கிளில் இடது கிராங்க் வளைந்துபோய், கடையில் ஏதோ பழைய சைக்கிளிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் பையன் நொண்டியடித்துக்கொண்டு மிதித்தான். சோம்பேறித்தனம் என்று நான் திட்டினேன். கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான் இடது கை ஒரு நகம் அளவு குட்டை என்று தெரிந்தது.

கிராங்கை இழுத்துக் கழற்றும் கருவி (கிராங்க் புல்லர்) இல்லாத கடையில் கொடுக்காதீர்கள், சுத்தியலால் அடிப்பார்கள். இடது பெடல் மரை தலைகீழ், நீங்களே கழற்றினால் நினைவிருக்கட்டும்.

மண்டபம்_கணக்கப்பிள்ளை:
நன்றி அக்கா. ஒரேயடியாக ஏற்றாமல் முதலில் இரண்டு சென்டிமீட்டர் ஏற்றினேன். நின்றால் ஒரு கால் நுனிதான் தரையில் படுகிறது, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். மூன்று நாளாக ஊசி குத்தவில்லை, பழைய இடத்தில் லேசான கனம் மட்டும். 165 கிராங்க் தனியாகக் கிடைக்குமா, செயின் வீலோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டுமா?

கீழக்கரை_காக்கா:
உங்கள் வலது கிராங்க் கையில் செயின் வீல் இருப்பது கழற்றக்கூடிய போல்ட்டிலா, கழற்ற முடியாத ரிவெட்டிலா? ஒரு போட்டோ போடுங்கள்.