மறு: 'சுழல்கிண்ணம்' வேண்டாம், 'அணைநாண்' என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தொகுக்கும் மருத்துவத் தமிழ்ச் சொற்பட்டியலின் மூட்டுப் பகுதியில் 'ரொட்டேட்டர் கஃப்' (தோள் மூட்டைச் சுற்றிப் பிடிக்கும் தசைத் தொகுதி) என்பதற்கு நேராக 'சுழல்கிண்ணம்' என்று இருக்கிறது. இதை இப்படியே விட்டால் நோயாளிக்குக் கெடுதல் என்று நினைப்பதால் எழுதுகிறேன். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இயன்முறை சிகிச்சை பார்க்கிறேன். கோடையில் எங்கள் பக்கம் தோள் நோவோடு வருகிறவர்கள் அதிகம். பெங்களூரா மாங்காயை வலைகட்டின மூங்கில் கோலால் நாள் முழுக்க அண்ணாந்து பறித்த கைகள். அதற்கு முன்பே புளி உலுக்கிக் களைத்த கைகள்.

கிண்ணம் எப்படி வந்தது என்று தெரிகிறது. கஃப் என்பதைப் பலரும் 'கப்' என்று எழுதிவிடுகிறோம். படிக்கிறவருக்கு அது டீ குடிக்கிற கப். சரியாகக் 'கஃப்' என்று எழுதினாலும் இருமல் சிரப்தான் நினைவுக்கு வரும். மூலச்சொல்லோ, சட்டைக்கையின் முனையில் மணிக்கட்டைச் சுற்றிப் பட்டன் போடுகிறோமே, அந்தப் பட்டை. சமீபத்தில் ஓர் அம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டி, "கிண்ணம் கிழிஞ்சிருக்குன்னாங்க சார், கிண்ணம் எப்பிடிங்க கிழியும்? ஒடையத்தானே செய்யும்?" என்று கேட்டார். அவர் கேட்டதுதான் சரி. கிண்ணம் என்று சொல்லத்தக்க எலும்புக்குழி அதே மூட்டில் வேறாக இருக்கிறது.

உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயருக்கு வருவோம். இடுப்பு மூட்டு ஆட்டுக்கல் மாதிரி. குழவி குழிக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கும். தோள் அப்படியில்லை. அகல்விளக்கின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தது போல. குழி ஆழமில்லாததால்தான் கை எல்லாப் பக்கமும் போகிறது. அதனால்தான் பெரிய மூட்டுகளில் அதிகம் நழுவுவதும் தோளே. எருது விடும் விழா சமயத்தில் கயிற்றோடு இழுபட்டு விழுந்து, 'தோள் எறங்கிடுச்சு' என்று கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வரும் பையன்களை எங்கள் ஊரில் பார்க்கலாம். (அது வேறு காயம். பெரும்பாலும் முன்பக்கமாக நழுவும். உள்ளே போடுவதற்கு முன்பே தோளின் வெளிப்பக்கத் தோலில் தொட்டால் உணர்வு தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே மரத்திருந்தால் நரம்பு அடிபட்டிருக்கலாம். 'பிசகு', 'மூட்டு நழுவல்' பற்றித் தனி இழை தொடங்கலாம்.)

அகலின் மேல் இருக்கும் பழத்தை உருளாமல் பிடித்திருப்பது எது? வலக்கையை முட்டியாக மடக்கி, இடது உள்ளங்கையால் மேலிருந்து கவ்விப் பாருங்கள். மேலே ஒன்று, முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என நான்கு தசைகள் தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பி, முனையில், தசையை எலும்போடு கட்டும் கயிறு போன்ற நாண்களாகி, எலும்புப் பந்தை அப்படித்தான் கவ்வுகின்றன. தோளின் மேலுள்ள பெரிய தசை கையைத் தூக்கும்போது பந்து மேலே எகிறி எலும்புக் கூரையில் இடிக்கப் பார்க்கும். அதைக் குழியோடு அழுத்திப் பிடிப்பது இந்த நான்கும்தான்.

இதனால்தான் நம் குழுவில் தமிழாசிரியர் ஐயா இதற்குச் சொன்ன 'சுழற்றித் தசைப்பட்டை'யிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. இவை கையைச் சுழற்றுவது உண்மை. ஆனால் 'கையைச் சுழற்றினா நோவலையே, அப்ப எனக்கு அது இல்லை' என்று நோயாளி முடிவு கட்டுவார். இந்தக் காயத்தில் நோவு பெரும்பாலும் கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது, 60 முதல் 120 பாகை வரையிலான இடத்தில்தான் குத்தும். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாது. தலை வாரும்போதும் ரவிக்கைக் கொக்கி மாட்டும்போதும் தெரியும்.

மதுரை நண்பரின் 'தோள் ஜவ்வு'தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மக்கள் வாயில் இருக்கிற சொல்லை விட்டுவிடக் கூடாது என்பது என் கட்சியும்கூட. ஆனால் ஜவ்வு இன்று எத்தனை பாரம் சுமக்கிறது பாருங்கள். முழங்காலில் இருக்கும் குருத்தெலும்பு வட்டும் ஜவ்வு, எலும்பை எலும்போடு கட்டும் நாரும் ஜவ்வு, முதுகுத் தட்டு பிதுங்கினாலும் 'ஜவ்வு வெலகிடுச்சு'. இதில் நான்காவதாகத் தோளையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

என் அண்ணன் மாந்தோப்பில் ஏணியிலிருந்து விழுந்தார். அன்றைக்கே கை மேலே எழவில்லை. காட்டிய இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நன்றாக இருக்கிறது, ஜவ்வில் லேசான அடி, தானே கூடிவிடும் என்றார்கள். எக்ஸ்ரேயில் நாண் தெரியாது, அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டும். நான் அப்போது வெளியூரில் இருந்தேன். அண்ணன் ஐந்து மாதம் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தார். நான் வந்து அவர் கையைப் பிடித்துத் தூக்கினேன், தலைக்கு மேல் போனது. விட்டேன், தொப்பென்று விழுந்தது. ஸ்கேனில் நாண் முழுதாக அறுந்து உள்ளே சுருங்கியிருந்தது. பின்னாலிருந்த தசை மெலிந்து கொழுப்பேறிவிட்டது. விழுந்து அறுந்த நாணைச் சீக்கிரம் தைத்தால்தான் பலன். 'ஜவ்வு' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு தசை இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை, பாவம். 'நாண் அறுந்திருக்கலாம்' என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் ஐந்து நாள்கூடப் பொறுத்திருக்க மாட்டார்.

ஆகவே என் முன்மொழிவு: அணைநாண். அணைத்த, அணைக்கிற, அணைக்கும் நாண். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. வேலையும் தெரிகிறது, பொருளும் தெரிகிறது. கிருஷ்ணகிரிக்காரருக்கு அணை என்றால் கே.ஆர்.பி. அணைதானே என்று யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அதுவும் தென்பெண்ணையைப் பிடித்து நிறுத்துவதுதான். 'விளக்கை அணை' என்ற பொருள் குறுக்கே வருமோ என்று யோசித்தேன். பக்கத்தில் நாண் இருக்கும்போது வராது.

இதையொட்டி இன்னொன்று. வயதாக ஆக இந்த நாண் அறுவதைவிட நைவதே அதிகம். அறுபதைத் தாண்டிய பலருக்குக் கிழிசல் இருந்தும் நோவே இருக்காது. பட்டியலில் இதற்கும் 'அழற்சி' என்றே போட்டிருக்கிறோம். அழற்சி என்றதும் மாத்திரை, ஊசி என்றுதான் புத்தி போகும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நோவைக் குறைக்கும்; சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரையை ஏற்றியும் விடும். நைந்த நாணுக்கு முதல் வைத்தியம், மூன்று மாதம் விடாமல் பளுவைச் சிறுகச் சிறுகக் கூட்டிச் செய்யும் பயிற்சி. 'வேட்டி நைஞ்சு போச்சு' என்று நாம் சொல்கிறோமே, அந்த நைவுதான் இது. 'அணைநாண் நைவு' என்றே போடலாம்.

பட்டியலில் 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்பதற்கு இருக்கும் 'உறைதோள்' பற்றிச் சுருக்கமாக. 1934-இல் பாஸ்டன் அறுவை மருத்துவர் கோட்மன் வைத்த பெயரை அப்படியே பெயர்த்திருக்கிறோம். அங்கே பனி உறையும். எங்கள் பக்கம் உறைவது தயிர்தான். உறை என்பதற்கு மேலுறை என்ற பொருளும் இருக்க, கெடுவதும் மூட்டுறையாகவே இருக்க, குழப்பம்தான் மிஞ்சும். 'தோள் இறுக்கம்' போதும். அதில் நோயாளி தூக்கினாலும் கை போகாது, நான் தூக்கினாலும் போகாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும்.

அன்புடன்,
காவேரிப்பட்டணத்திலிருந்து

*

மறு: மறு: அணைநாண்

சேலத்து அம்மா கேட்டது நியாயம்: 'நாண் என்றால் இன்று யாருக்குத் தெரியும், வில்லா பிடிக்கிறோம்?' வாதாடுவதற்கு முன் இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன். முதல் நாள் மூன்று பேரிடம் சொன்னேன். இருவர் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். புரிந்ததா என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் புளி உலுக்குகிற ஒரு பெரியவர். முட்டியைக் கவ்விக் காட்டி, "இந்த அணைநாண் நைஞ்சிருக்குங்க ஐயா" என்றேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். "அரைஞாண் கவுறு இடுப்பச் சுத்திப் புடிக்கிற மாதிரி, இது தோளச் சுத்திப் புடிக்குதுங்களா?" என்றார்.

எனக்குத் தோன்றவே இல்லை. நாண் வில்லோடு போய்விடவில்லை, அரையில்தான் கட்டியிருக்கிறோம். பட்டியலில் விளக்கக் குறிப்புக்கு இடம் இருந்தால் அவர் சொன்னதையே போட்டுவிடுங்கள். 'பகுதி அறுவு', 'முழு அறுவு' என்று வைப்பதா, 'கிழிசல்' என்று வைப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. நாண் என்று ஆன பிறகு அறுவுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் ரிப்போர்ட்டில் பாதி கிழிந்ததைப் பார்த்து 'அறுந்துபோச்சு' என்று யாரும் பயந்துவிடக் கூடாது. இதில் மற்றவர்கள் சொல்லுங்கள்.