எம்எம்540க்கு செகண்ட் ஹேண்ட் பிஜோ இன்ஜின் வாங்கலாமா, இருக்கிறதையே பிரிக்கலாமா?

போடி ஏலக்கா

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா வாங்குன 1991 மாடல் மஹிந்திரா எம்எம்540 ஜீப், பிஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின். போடியில இருந்து மெட்டு ஏறி பூப்பாறை பக்கம் எங்க ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டு போயிட்டு வர்ற வண்டி, அப்பா இருந்த வரைக்கும் அவர் கையாலதான் ஆயில் மாத்துவாரு. போன மாசம் மேல ஏறும்போது பாதி வளைவு தாண்டல, கீழ் ஹோஸ் பிச்சுக்கிட்டு தண்ணி பூரா போயிருச்சு, டெம்பரேச்சர் முள்ளு என்னைக்குமே சும்மா ஆடிட்டே இருக்கும்ங்கிறதால டிரைவர் அதை சட்டையே பண்ணல, வண்டி தானா நின்னப்புறம்தான் இறங்கி பார்த்திருக்கான். (முள்ளை சரி பண்ணாம விட்டது எங்க தப்புதான், யாரும் திட்ட வேணாம், வீட்ல திட்டியாச்சு.)

இப்ப நிலைமை என்னன்னா வண்டி ஸ்டார்ட் ஆகுது, ஆனா வெள்ளப்புகை, ரேடியேட்டர் மூடியை திறந்தா குமிழ் குமிழா வருது. மெக்கானிக் ஒரே வார்த்தையில "இன்ஜின் முடிஞ்சுச்சு தம்பி, வேற தூக்கி வச்சிரலாம்"னுட்டாரு. ஒரு கடையில பிஜோ இன்ஜின் 55 ஆயிரம், கியர்பாக்ஸோட சேத்து 70ன்னு சொல்றாங்க, "ஓடுன வண்டியில இருந்து எறக்குனது, கை படாதது"ன்னு போட்டோ அனுப்புனாங்க. இன்னொரு பக்கம் மச்சான் மஹிந்திராவோட டிஐ (டைரக்ட் இன்ஜெக்ஷன்) டீசல் இன்ஜின் போட்டுரு, புல்லிங் பிச்சுக்கும்ங்கிறான். பழைய இன்ஜின் வாங்கும்போது என்னத்த பார்க்கணும், டிஐ ஒத்து வருமா, ஆர்சி புக்குல பிரச்சினை வருமா, அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

காயலான்கடை ரசிகன்

தலைவா முதல்ல "கை படாதது"ங்கிற வார்த்தையை நம்பாத, புதுப்பேட்டையில இருபது வருஷமா சுத்துறேன், கை படாத இன்ஜின்னு சொல்லாத கடையை நான் இன்னும் பார்க்கல.

போறதுக்கு முன்னாடி போன்லயே சொல்லிரு, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. போனதும் பேசிட்டே சாதாரணமா பிளாக் மேல கை வை. சூடா இருந்தா, நீ வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்கான்னு அர்த்தம், அப்படியே டீ குடிச்சிட்டு கிளம்பிரு இல்லேன்னா சாயங்காலம் ஆறுனப்புறம் வா. தேஞ்ச டீசல் இன்ஜின் சூடா இருந்தா ஒரே செல்ஃப்ல எடுக்கும், குளுந்து கிடக்கும்போதுதான் அதோட வண்டவாளம் தெரியும். இந்த பிஜோவுக்கு ஹீட்டர் பிளக் (குளுந்த சிலிண்டரை சூடேத்துறது) வேணும், அது நாலும் வேலை செய்யலேன்னா நல்ல இன்ஜினே காலைல மக்கர் பண்ணும், அதனால ஹீட்டருக்கு கரண்ட் குடுத்து கொஞ்சம் நிப்பாட்டிட்டு அப்புறம் செல்ஃப் அடிக்க சொல்லு, அதுக்கும் எடுக்கலேன்னா யோசி.

ஓட ஆரம்பிச்சதும் ஆயில் ஊத்துற மூடியை எடுத்து வாயில தலைகீழா சும்மா வை. லேசா ஆடும், அது பரவால்ல. குதிச்சு கீழ விழுந்துச்சுன்னா, இல்ல புசுபுசுன்னு புகை தள்ளுச்சுன்னா பேக் கம்ப்ரஷன், அதாவது கேஸ் பிஸ்டனை தாண்டி கீழ இறங்குது, ரிங்கு போயிருக்கு. டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலை ரெண்டு விரல்ல தேய்ச்சு பாரு, தேன் மாதிரி இழுத்துச்சுன்னா சத்தத்தை அமுக்க கெட்டி ஆயில் ஊத்தியிருக்கான். பால் காபி கலர்ல இருந்தா தண்ணி கலந்திருக்கு.

முடிஞ்சா ஒரு மெக்கானிக்கை கம்ப்ரஷன் கேஜோட கூட்டிட்டு போ, ஹீட்டர் பிளக் ஓட்டையில மாட்டி பார்க்கலாம். நம்பர் எவ்வளவுங்கிறதை விட நாலு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து இருக்காங்கிறதுதான் முக்கியம். மூணு நல்லா காட்டி ஒண்ணு மட்டும் படுத்துச்சுன்னா வேணாம், அது வீட்டுக்கு வந்து ஒரு மாசத்துல உன்னை படுக்க வச்சிரும்.

டெல்லியில பழைய வண்டி உடைக்கிற மாயாபுரி சரக்குன்னு சொல்லியும் விப்பாங்க. அங்க பத்து வருஷத்துக்கு மேல ஆன டீசல் வண்டி ஓடக்கூடாதுன்னு 2015ல பசுமை தீர்ப்பாயம் போட்ட உத்தரவுக்கு அப்புறம் டீசல் வண்டி நிறைய உடைப்புக்கு போச்சு, அதனால சரக்கு இருக்கும்தான். ஆனா ஓடிப் பார்க்காம லாரியில வர்ற இன்ஜினை வாங்கவே வாங்காத.

மலைப்பாதை

டிஐ போட்டவன் நான்தான், அதனால சொல்றேன். என்கிட்ட இருந்ததும் எம்எம்540தான், வால்பாறை ரோட்டுக்கு ஓட்டுனது.

பிஜோ 2112 சிசி. பேர்ல இருக்கிற 4.90ன்னா நாலு சிலிண்டர், 90 எம்எம் போர் (சிலிண்டரோட உள் அகலம்), அவ்வளவுதான், பெரிய ரகசியம் ஒண்ணுமில்ல, அந்த காலத்து பிஜோ 504 டீசல் காருக்கு வந்த இன்ஜின் குடும்பம். டிஐ 2523 சிசி, அதோட பூர்வீகம் டிராக்டர், மஹிந்திரா 1963ல இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோட சேர்ந்து டிராக்டர் பண்ண ஆரம்பிச்சாங்கல்ல, அந்த ரத்தம். அதனால கீழ இழுவை சும்மா யானை மாதிரி, லோடோட ஃபர்ஸ்ட்ல போட்டு கிளட்சை விட்டா ஆக்சிலரேட்டர் மிதிக்காமலே ஏறும். உங்க மச்சான் சொல்றது பொய் இல்ல.

ஆனா அவர் சொல்லாதது எவ்வளவோ இருக்கு. உங்க கியர்பாக்ஸ் பிஜோவுக்கு மாட்டுனது, டிஐக்கு பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற கூடு) வேற, ஒண்ணு டிஐயோட வந்த கியர்பாக்ஸையும் சேத்து வாங்கணும் இல்லேன்னா அடாப்டர் பிளேட் அடிக்கணும். கியர்பாக்ஸ் மாறுனா ரெண்டு பக்க ஷாஃப்ட் நீளமும் மாறும். இன்ஜின் மவுண்ட் வெட்டி வெல்டிங், சைலன்சர் பைப், ரேடியேட்டர் ஹோஸ், வயரிங்... நான் இன்ஜினுக்கு குடுத்த காசும் மத்ததுக்கு குடுத்த காசும் கிட்டத்தட்ட சமம். அப்புறம் டிஐ கம்மி ஆர்பிஎம்ல சுத்துற இன்ஜின், ஆக்சில் ரேஷியோவை மாத்தாம விட்டா சமவெளியில வண்டி அறுபதை தாண்டவே அழும். அதிர்வு இருக்கே, சைடு மிர்ரர்ல பின்னாடி வர்றது பஸ்ஸா லாரியான்னு தெரியாது. எனக்கு பழகிருச்சு, வீட்ல யாரும் ஏற மாட்டேங்கிறாங்க.

ஆர்டிஓ அலைச்சல்

ஆர்சி பத்தி யாரும் வாயே திறக்கல, அதான் எழுதுறேன். பல ஊர்ல நைசா இன்ஜினை மாத்திட்டு பழைய நம்பரை புது பிளாக்ல பஞ்ச் அடிச்சு விட்டுருவாங்க, உங்க மெக்கானிக்கும் "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்"னு சொல்லுவாரு. ஒத்துக்காதீங்க, அது கிரிமினல் கேஸ். 91 மாடல்னா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ரினியூவலுக்கு வண்டியை நிப்பாட்டணும், இன்ஸ்பெக்டர் நம்பர் பார்த்தே தீருவாரு. நடுவுல ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரன் முதல்ல பிடிக்கிற காரணமே நம்பர் ஒத்து வரலங்கிறதுதான். உங்க வண்டியில ஆள் ஏறுது, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

முறையா பண்ணணும்னா மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, ஆர்டிஓகிட்ட முன்னாடியே அனுமதி கேட்டுட்டு மாத்தி, புது நம்பரை ஆர்சியில ஏத்தணும். அதே ரக இன்ஜின்னா தலைவலி கம்மி, டிஐ மாதிரி வேற இன்ஜின்னா கேள்வி ஜாஸ்தி. விக்கிறவர்கிட்ட பில் வேணும், அந்த இன்ஜின் எந்த வண்டியில இருந்து வந்துச்சோ அந்த ஆர்சி காப்பியும், வண்டி உடைச்சதுன்னா ஆர்சி ஒப்படைச்ச பேப்பரும் கேளுங்க. பில் தர மாட்டேன்னா பாதி விலைக்கு குடுத்தாலும் வேணாம். வாங்குறதுக்கு முன்னாடி என்சிஆர்பியோட (தேசிய குற்ற ஆவணக் காப்பகம்) வாகன் சமன்வய் சைட்ல இன்ஜின் நம்பரை போட்டு திருட்டு லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை. நான் பார்க்காம வாங்கி, நம்பர் தேய்ச்சு வேற அடிச்சதுன்னு இன்ஸ்பெக்ஷன்ல தெரிஞ்சு, எட்டு மாசம் அலைஞ்சேன், கடைசியில அந்த இன்ஜினை எடைக்கு கூட போட முடியல.

கோவை லேத்து

எல்லாரும் வாங்குறதை பத்தியே பேசறீங்க, ஏனுங்க தம்பி, அந்த இன்ஜின் முடிஞ்சுதுன்னு யாரு பிரிச்சு பார்த்தா?

நீங்க சொன்னதுல எனக்கு ஒண்ணுதான் முக்கியமா படுது. சூடானதுக்கு முன்னாடி ஆயில் மூடியில புகை இருந்துச்சுங்களா, ஆயில் குறைஞ்சுதுங்களா? இல்லைன்னா ரிங்கு, போர் எல்லாம் அப்ப வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்குது. தண்ணியில்லாம ஓடுனதுல முதல்ல அடி வாங்குறது சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி உக்கார்ற ஹெட்டுதானுங்க, வளையும் இல்லேன்னா ரெண்டு வால்வுக்கும் நடுவுல மயிரிழை மாதிரி கிராக் விடும். காலைல குளுந்த இன்ஜின்ல மூடியை திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. தண்ணி சூடாகறதுக்கு முன்னாடியே, முதல் நிமிஷத்துலயே குமிழ் வந்துதுன்னா அது கொதிக்கறது இல்ல, எரியற கேஸ் தண்ணிக்குள்ள போகுது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற கேஸ்கெட்டோ ஹெட்டோ போயிருக்குதுன்னு அர்த்தம், பிளாக் முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்லைங்க.

ஹெட்டை கழட்டுங்க, கேஸ்கெட்டையும் போட்டோ எடுத்து வைங்க, எங்க கருகியிருக்குதோ அங்கதான் கசிவு. ஒரு நல்ல லேத்துல ஹெட்டை பிரஷர் டெஸ்ட் பண்ண சொல்லுங்க, ஓட்டையெல்லாம் அடைச்சு காத்து ஏத்தி சுடுதண்ணியில முக்குவாங்க, கிராக் இருந்தா அங்க இருந்து ஊசி மாதிரி குமிழ் வரும். கிராக் இல்லைன்னா ஃபேசிங் பண்ணி, அதாவது அடிப்பக்கத்தை சமமா செதுக்கி, போட்டுக்கலாம். கிராக் இருந்தா ஹெட் மட்டும் பழசு தேடுங்க, அது முழு இன்ஜின் விலையில கால் பங்கு கூட வராது. சிலிண்டர் சுவத்துல நகத்தால மேல இருந்து கீழ இழுத்து பாருங்க, பிஸ்டன் பிடிச்ச கோடு நகத்துல மாட்டுச்சுன்னா போர் பண்ணணும். அப்ப செலவு கூடும்தான், ஆனா வீட்டு இன்ஜின்ல என்ன போட்டோம்னு தெரியும். அடுத்தவன் வீட்டு இன்ஜினுக்கு 55 குடுத்து வாங்கி அதையும் ஒரு வருஷத்துல பிரிக்கறதுக்கு இதை இப்பவே பிரிச்சிரலாம்ங்க.

போடி ஏலக்கா

அண்ணே எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை இன்ஜின் பார்க்க போனேன். முன்னாடியே போன் பண்ணி ஸ்டார்ட் பண்ண வேணாம்னு சொல்லிட்டுத்தான் போனேன், போயி கை வச்சா பிளாக்கு வெதுவெதுன்னு இருக்கு. கேட்டா வெயில்ல கிடந்துச்சுங்கிறாரு, இன்ஜின் இருந்தது ஷெட்டுக்குள்ள. நம்பர் இருக்கிற இடத்துல மட்டும் புது பெயிண்ட், பில் கேட்டதுக்கு "பழைய சாமானுக்கு என்ன தம்பி பில்லு"ன்னாரு. அட்வான்ஸ் குடுக்காம பஸ் ஏறிட்டேன்.

லேத்து அண்ணே, நீங்க கேட்டதுக்கு பதில்: முன்னாடி புகை இல்ல, அப்பா நோட்டுல எழுதி வச்சிருக்காரு, கடைசி ஆயில் மாத்துனதுக்கும் அதுக்கு முந்தினதுக்கும் நடுவுல டாப் அப்பே பண்ணல. நீங்க சொன்ன மாதிரி காலைல குளுந்த இன்ஜின்ல பார்த்தோம், ஸ்டார்ட் பண்ணி பத்து எண்ணுறதுக்குள்ள குமிழ் வந்துருச்சு. நேத்து ஹெட்டை இறக்கியாச்சு. ரெண்டாவது மூணாவது சிலிண்டருக்கு நடுவுல கேஸ்கெட் ஒரு விரல் அகலத்துக்கு கருகி போயிருக்கு, சுவத்துல நகம் மாட்டல. ஹெட்டு தேனியில லேத்துக்கு போயிருக்கு, புதன்கிழமை சொல்லுவாங்க. மெக்கானிக் பழைய ஹெட் போல்ட்டையே திரும்ப போட்டுக்கலாம்ங்கிறாரு, போடலாமா?

கோவை லேத்து

போடாதீங்க தம்பி. அவ்வளவு சூடு வாங்குன போல்ட்டு இழுத்திருக்கும், புதுசு ஒண்ணு கிடைச்சா பக்கத்துல நிக்க வச்சு பாருங்க, உங்களுக்கே தெரியும். செட்டா புதுசு வாங்கி டார்க் ரென்ச் வச்சு நடுவுல இருந்து வெளிய, மூணு தடவையா முறுக்க சொல்லுங்க. அப்புறம் அந்த டெம்பரேச்சர் முள்ளு. ஹெட்டு லேத்துல இருக்கறப்பவே புது சென்சாரும் மீட்டரும் வாங்கி வச்சிருங்க.

காயலான்கடை ரசிகன்

ஷெட்டுக்குள்ள வெயிலு, சூப்பர் 😂 எந்த ஊர் கடைன்னு இங்க எழுதாத, தனியா மெசேஜ் பண்ணு.