மலையில் மின்சாரம் திரும்பினால் சேலத்தில் சர்வர் திணறுகிறது

அஸ்தம்பட்டி வாசகர் (கேள்வி):
வணக்கம். எங்கள் அலுவலகத்தில் காமைலியோ சர்வர் (ஐபி தொலைபேசி அழைப்புகளை இணைத்துவிடும் மென்பொருள்) ஓடுகிறது. ஏற்காடு, நாகலூர், செம்மடுவுப் பக்கத்து விடுதிகளிலும் காபித் தோட்ட பங்களாக்களிலுமாக ஏறக்குறைய 600 ஐபி தொலைபேசிகள் அதில் இணைந்திருக்கின்றன. கோடை மழையில் மலையில் மின்சாரம் போய்த் திரும்பினால், சில நிமிடங்களுக்கு யாரும் யாரையும் அழைக்க முடிவதில்லை. மின்சாரமே போகாத சேலத்துத் தொலைபேசிகளும் சேர்ந்து முடங்குகின்றன. ஆனால் சர்வரின் சிபியூ 10 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. நினைவகத்தை இரட்டிப்பாக்கியும் பலனில்லை. ஒரு மணி நேரம் கழித்து, மின்வெட்டு இல்லாமலேயே, இன்னொரு சிறு திணறல் வருகிறது. சர்வருக்கான ஸ்கிரிப்ட் எனக்கு முன் இருந்தவர் எழுதியது. தொலைபேசி தன்னைப் பதிந்துகொள்ள அனுப்பும் ரிஜிஸ்டர் கோரிக்கை வந்ததுமே, அந்த எண் எந்தக் கிளைக்கு உரியது என்று வேறு கணினியில் இருக்கும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் தேடுகிறது. கோரிக்கைகளைக் கவனிக்கும் ப்ராசஸ்கள் எத்தனை என்று சொல்லும் சில்ட்ரன் மதிப்பு 8. எங்கிருந்து பார்ப்பது?

கம்பித்தடம்:
சில்ட்ரனை 64 ஆக்கிப் பாருங்கள்.

மலையடிவாரம்:
தம்பி, அவசரப்பட்டு 64 ஆக்க வேண்டாம். சிபியூ சும்மா இருக்கும்போது அழைப்பு நிற்கிறது என்றால், அந்த எட்டுப் பேரும் யாருடைய பதிலுக்கோ காத்துக் கிடக்கிறார்கள் என்று பொருள். தொலைபேசி மெதுவானால் உடனே நினைவகம் வாங்கக் கிளம்புவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமைதான்.

கணக்குப் போடுங்கள். தேடல் ஒன்றுக்கு 300 மில்லிவினாடி ஆனால், எட்டு ப்ராசஸும் சேர்ந்து வினாடிக்கு 26 கோரிக்கைகளைத்தான் முடிக்கும். ஒவ்வொரு தொலைபேசியும் முதலில் ஒரு ரிஜிஸ்டர் அனுப்பும். அடையாளம் கேட்கும் 401 பதில் வந்ததும் கடவுச்சொல் விவரத்தோடு இன்னொன்று. 600 தொலைபேசிகளுக்கு 1,200 கோரிக்கைகள். முக்கால் நிமிடம் பிடிக்கும். ஆனால் யூடிபியில் (போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யாத அனுப்பும் முறை) பதில் வராவிட்டால் அரை வினாடியில் மறுபடி அனுப்பும், பிறகு ஒன்று, இரண்டு, நான்கு வினாடி இடைவெளியில். 32 வினாடியில் கைவிட்டு, சற்றுப் பொறுத்து முதலிலிருந்து தொடங்கும். இப்படி முக்கால் நிமிட வேலை பல நிமிடங்களாகிறது. சேலத்து அழைப்புகளும் அதே வரிசையின் கடைசியில்தான் நிற்கின்றன.

அடுத்த முறை திணறும்போது லினக்ஸின் எஸ்எஸ் கட்டளையில், கோரிக்கைகள் வந்து சேரும் 5060 போர்ட்டின் ரிசீவ்-கியூவை, அதாவது இன்னும் எடுக்கப்படாமல் காத்திருக்கும் தரவின் அளவைப் பாருங்கள். அது வடியாமல் நின்றால் ஐயமே வேண்டாம். அவை காத்திருக்கும் இடமான பஃபரைப் பெரிதாக்கும் ஆசை வரும், செய்யாதீர்கள். செய்தால், தொலைபேசி கைவிட்ட பழைய கோரிக்கைகளுக்கு சர்வர் உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளக்க, தேடலின் முன்னும் பின்னும் காமைலியோவின் பெஞ்ச்மார்க் மாட்யூலின் டைமரை வையுங்கள். அந்த எஸ்கியூஎல் வரியை, தரவுத்தளம் எப்படித் தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் போட்டு இங்கே எழுதுங்கள்.

அஸ்தம்பட்டி வாசகர்:
அக்கா, நேற்று மாலை மழையில் பார்த்துவிட்டேன். ரிசீவ்-கியூ 2 லட்சம் பைட்டில் அப்படியே நின்றது. எக்ஸ்ப்ளெயினில் டைப் ‘ஆல்’, கீ ‘நல்’. எண்கள் சில இடத்தில் +91 சேர்த்தும், சில இடத்தில் 0 சேர்த்தும், சில இடத்தில் வெறுமனேயும் பதிவாகியிருக்கின்றன. அதனால் முன்னால் எது இருந்தாலும் பொருந்தட்டும் என்று சதவீதக் குறி போட்டு ‘லைக்’ மூலம் தேடியிருக்கிறார்கள்.

மலையடிவாரம்:
கிடைத்துவிட்டது. முன்னால் சதவீதக் குறி இருந்தால் இன்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் உள்ள சொல்லடைவு போன்றது) உதவாது. ஒவ்வொரு முறையும் அட்டவணை முழுவதையும் புரட்டும். ‘ஆல்’ என்றால் அதுதான். கடைசி 10 இலக்கங்களைத் தனிப் பத்தியில் வைத்து இன்டெக்ஸ் போடுங்கள். ஸ்கிரிப்டிலும் எண்ணை அதே வடிவத்துக்குக் கொண்டுவந்து சமக்குறியால் தேடுங்கள். கிளை விவரம் தினமும் மாறுவதில்லை என்றால் ஹெச்டேபிளில் (காமைலியோ தன் நினைவகத்தில் வைத்திருக்கும் அட்டவணை) ஏற்றிவிடலாம். மைஎஸ்கியூஎல் பக்கமே போக வேண்டியதில்லை. தேடலைக் கடவுச்சொல் சரிபார்ப்புக்குப் பின்னால் நகர்த்துங்கள், பாதி மிச்சம். பதிவுகளைச் சேமிக்கும் யூஎஸ்ஆர்லாக் மாட்யூலில் டிபி-மோட் 1 என்றால் 2 ஆக்குங்கள். ஒவ்வொரு பதிவையும் அந்தக் கணமே தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டிருக்காது.

கம்பித்தடம்:
64 சொன்னவன் நான்தான். எட்டு போதாது என்று இப்போதும் நினைக்கிறேன்.

மலையடிவாரம்:
16 வரை ஏற்றலாம், தவறில்லை. ஆனால் சில்ட்ரன் என்பது ஒவ்வொரு யூடிபி முகவரிக்கும் தனித்தனி. இரண்டு முகவரி இருந்தால் 64 என்பது 128 ஆகும். ஒவ்வொரு ப்ராசஸும் தனி இணைப்புத் திறக்கும்; மைஎஸ்கியூஎல் இயல்பாக அனுமதிப்பது 151தான்.

தம்பி, அந்த ஒரு மணி நேரத் திணறல்: எல்லாத் தொலைபேசிகளும் ஒன்றாகப் பதிந்தன, 3,600 வினாடிக் கெடுவும் ஒன்றாக முடிகிறது. ரிஜிஸ்ட்ரார் மாட்யூலில் எக்ஸ்பயர்ஸ்-ரேஞ்ச் என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் 20 சதவீதம் போட்டால் கெடு தொலைபேசிக்குத் தொலைபேசி மாறும், நெரிசல் கலையும். உங்கள் பதிப்பில் அது இல்லையென்றால் பதிப்பு எண்ணைச் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்போம்.