அனிமேட்ரானிக்ஸ்: பொறிப்பாவை என்று சொல்லலாமா?

நண்பர்களே,

'அனிமேட்ரானிக்ஸ்' (படங்களுக்காக, உயிருள்ளதுபோல் அசையும் இயந்திர உருக்களைச் செய்து இயக்கும் கலை) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை இரண்டு: அசைமின்னியல், இயந்திர பொம்மை. இரண்டிலும் எனக்கு நிறைவில்லை. சின்ன வயதில் பிடித்த 'ஜுராசிக் பார்க்' பித்து இன்னும் தெளியாத ஆள் நான். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1993இல் வந்த அந்தப் படத்தில் டைனோசர்கள் திரையில் தெரியும் நேரம் மொத்தமே சுமார் 15 நிமிடம். அதில் கணினி வரைகலை ஆறு நிமிடம்போல. மிச்சம் பெரும்பாலும் சிறப்பு விளைவுக் கலைஞர் ஸ்டான் வின்ஸ்டனின் குழு செய்து நிறுத்திய இயந்திர உருக்கள். சிறுவனாகப் பார்த்தபோது இந்தக் கணக்கெல்லாம் யாருக்குத் தெரியும்? நோயில் விழுந்து கிடக்கும் டிரைசெராடாப்ஸ் காட்சியை நினைத்துப் பாருங்கள். டாக்டர் கிராண்ட் அதன் விலாவில் சாய்ந்துகொள்கிறார். அது மூச்சை இழுக்க இழுக்க அவர் உடம்பும் கூடவே ஏறி இறங்குகிறது. டி-ரெக்ஸின் உறுமலுக்குப் பயந்தேன், சரி. ஆனால் டைனோசர் உண்மை என்று நம்பியது இந்த மூச்சைப் பார்த்துத்தான். அந்த விலங்கு முழுசாகப் படப்பிடிப்பு இடத்திலேயே கிடந்த உரு. நடிகர் தொட்டது அதைத்தான்.

இதைச் சொல்லும் வார்த்தை வேண்டும். 'அசைமின்னியல்' ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி, துண்டு துண்டாகத் தமிழாக்கியது. அசைவூட்டத்தை ஏற்கெனவே அனிமேஷனுக்குக் கொடுத்துவிட்டோம். மின்னும் இங்கே முக்கியமில்லை: சுமார் 12 மீட்டர் நீள டி-ரெக்ஸை அசைத்தது ஹைட்ராலிக் (திரவ அழுத்த) விசை. சிறிய மாதிரி உரு ஒன்றை ஆட்கள் கையால் திருப்பினால் பெரியதும் அதேபோலத் திரும்பும். மழைக்காட்சியில் அதன் நுரைத்தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய், உடம்பே நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஷாட்டுக்கு ஷாட் துண்டால் துவட்டியிருக்கிறார்கள். (டி-ரெக்ஸுக்குத் தலை துவட்டும் வேலை என்றால் சம்பளமில்லாமலே வருவேன்.)

ஆள் ஆட்ட ஆடும் உருவுக்கு நம்மிடம் பாவை இருக்கிறதே! குறள் 1020 பாருங்கள்: "நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை / நாணால் உயிர்மருட்டி யற்று." கயிற்றால் ஆட்டி, உயிர் இருப்பதாக மயக்குவது. வள்ளுவர் வெட்கமில்லாதவர்களைத் திட்ட எடுத்த உவமை; நான் பாராட்டாகத் திருப்பிக்கொள்கிறேன். கயிறு போய்ப் பொறி வந்திருக்கிறது, அவ்வளவுதான். எனவே உருவுக்குப் பொறிப்பாவை, துறைக்குப் பொறிப்பாவைக் கலை.

> பொறிப்பாவை என்றால் கல்லில் பொறித்த சிற்பம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? பேசாமல் எந்திரன் என்றே சொல்லலாமே.

ஐயா, செதுக்கியதைப் 'பொறித்த பாவை' என்றுதானே எழுதுவோம்? எலிப்பொறியில் குழம்பாதவர்கள் இதில் குழம்ப மாட்டார்கள். சீவக சிந்தாமணியில் மயிற்பொறியே பறந்திருக்கிறது. எந்திரன் ரோபோவுக்கே இருக்கட்டும். ரோபோ ஒரு வேலையை முடிப்பதற்கு. பார்ப்பவரை நம்பவைத்தால் பொறிப்பாவையின் வேலை முடிந்தது. தொழிற்சாலையில் கார் பற்றவைக்கும் எந்திரக் கையைப் பார்த்து எந்தப் பிள்ளையும் நாற்காலிக்குக் கீழே ஒளிவதில்லை.

> குறளில் இருக்கிற 'உயிர்மருட்டி'யையே எடுத்துக்கொண்டால் என்ன? இன்னும் அழகாக இருக்கிறது.

அழகுதான், எனக்கும் ஆசைதான். ஆனால் கணினியில் வரைந்த டைனோசரும் உயிர்மருட்டிதானே? இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். இந்த வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "காரைத் தாக்கும் காட்சியில் டி-ரெக்ஸின் தலை நெருக்கத்தில் வரும்போது பொறிப்பாவை, முழு உருவமாக நடந்து வரும்போது கணினி வரைகலை." இங்கே உயிர்மருட்டி உட்காராது. 'இயந்திர பொம்மை' உட்காரும், ஆனால் சாவி கொடுத்தால் ஓடும் விளையாட்டுச் சாமான்தான் கண்முன் வரும்.

> சரி, எனக்குச் சம்மதம். பின்னால் இருந்து இயக்குபவருக்கு என்ன? பாவையர் என்று போடலாமா?

பாவையர் என்றால் பெண்கள் ஆகிவிடும்! 'பாவையாட்டுநர்' போதும். வேறு மறுப்பு வராவிட்டால் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ஸ்டாப் மோஷனை (உருவைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுப்பது) இதில் சேர்க்க வேண்டாம், அதற்குத் தனி இழை தொடங்குங்கள். 1933 'கிங் காங்' ரசிகர்கள் அங்கே வந்து சண்டை போடட்டும்.