பைபாஸ் செய்து 10 மாதம், இப்போது 8 வாரக் கர்ப்பம்: இந்தச் சின்ன வயிற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தும்பைப்பூ:

எனக்கு 32 வயது, உயரம் 160 செ.மீ. பத்து மாதங்களுக்கு முன் எடை குறைய கேஸ்ட்ரிக் பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலின் தொடக்கத்தைத் தாண்டி இணைக்கும் அறுவை சிகிச்சை) செய்துகொண்டேன். அன்று 118 கிலோ, இன்று காலை 81. இன்னும் மாதத்துக்கு இரண்டு கிலோ இறங்கிக்கொண்டிருக்கிறது. எடை ஓரிடத்தில் நிற்கும்வரை, அதாவது 12 முதல் 18 மாதங்கள்வரை, கர்ப்பம் வேண்டாம் என்று அறுவை சிகிச்சை நிபுணர் சொல்லியிருந்தார். நானும் தலையாட்டினேன். சினைப்பை நீர்க்கட்டியால் ஆறு வருடங்களாக மாதவிலக்கே ஒழுங்காக வராதவள் நான். எனக்குக் கருத்தடை மாத்திரையே அதிகப்படி என்றுதான் நினைத்தேன். மாத்திரையை ஒரு நாள்கூட விடவில்லை. இருந்தும் கரு தங்கிவிட்டது.

மகிழ்ச்சிதான். ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. ஒரு முட்டையும் அரைத்துண்டு ரொட்டியும் சாப்பிட்டால் தொண்டைவரை நிரம்பிவிடுகிறது. போதாக்குறைக்கு மசக்கை. நேற்று நான்கு முறை வாந்தி. மாத்திரைகள் ஏழு டப்பாக்களில் இருக்கின்றன. எது உள்ளே நிற்கிறது, எது வெளியே வருகிறது என்றே தெரியவில்லை. போன வருடம்வரை "வாயைக் கட்டு" என்று சொன்ன அதே உறவினர்கள் இப்போது "இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்கிறார்கள். முதல் பேச்சையே கேட்க முடியாத வயிறு, இரண்டாவதை எப்படிக் கேட்கும்?

பிள்ளைக்கு வேண்டியது போய்ச் சேருமா? எடை இறங்குவது ஆபத்தா? நேற்றுச் சென்ற மகப்பேறு மருத்துவமனையில் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்கக் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கும் பரிசோதனைக்குச் சீட்டு எழுதித் தந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை போக வேண்டும். இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஏழுமணி அலாரம்:

தும்பை, முதல் வேலையாக அந்தத் திங்கட்கிழமைச் சீட்டை எடுத்துத் தனியே வையுங்கள். மருத்துவரிடம் கேட்காமல் போகாதீர்கள். எனக்கும் பைபாஸ்தான். 14ஆம் மாதத்தில் கரு தங்கியது. அறுவை சிகிச்சை செய்தவள் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன், கோப்பின் மூன்றாம் பக்கத்தில் யாரோ எழுதியும் வைத்திருந்தார்கள். மூன்றாம் பக்கத்தை யார் புரட்டுகிறார்கள்? 26ஆம் வாரத்தில் கையில் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் கொடுத்தார்கள். நல்ல பிள்ளையாகக் குடித்தேன். பத்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டியது, நெஞ்சு படபடத்தது, வயிற்றைக் கலக்கியது. நடைவழியில் இருந்த பெஞ்சில் மூட்டையைப் போலச் சரிந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 47. "உங்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை" என்றார் ஆய்வகத்தில் இருந்த பையன், நற்செய்தி சொல்வதைப் போல.

நடந்தது டம்பிங். மற்றவர்களுக்கு இனிப்பு நீரை இரைப்பை பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். நமக்கு அந்த வாசற்காவலன் இல்லை. மொத்தமும் சிறுகுடலில் போய்க் கொட்டுகிறது, சர்க்கரை சட்டென்று ஏறுகிறது, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்கிறது, பிறகு சர்க்கரை பாதாளத்துக்குப் போகிறது. அந்தப் பரிசோதனை நமக்குத் துன்பம் மட்டுமல்ல, அதில் வரும் எண்ணையும் நம்ப முடியாது. அதற்குப் பதிலாக 24 முதல் 28 வாரங்களுக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே விரல் நுனியில் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். காலை வெறும் வயிற்றில் 95க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழே இருந்தால் சரி. எனக்குக் கடைசியில் அப்படித்தான் பார்த்தார்கள்.

மாத்திரைக் கதைக்கு வருகிறேன். என் பெயரைப் பார்த்தாலே தெரியும். காலை ஏழு மணிக்கு இரும்புச்சத்து. பத்து மணிக்குக் கால்சியம் 500 மி.கி. மதியம் இரண்டுக்கு மறுபடி கால்சியம். இரவு ஒன்பதுக்குப் பல்வைட்டமின். இரும்பும் கால்சியமும் பங்காளிகள், ஒரே வாசலில் விட்டால் ஒன்றையொன்று உள்ளே போக விடாது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தேநீரையும் காப்பியையும் இரும்பின் பக்கத்தில் சேர்க்காதீர்கள். கால்சியத்தில் சிட்ரேட் வகையைக் கேளுங்கள், அது கரைய வயிற்று அமிலம் தேவையில்லை. நம்மிடம் அமிலம் குறைவு. ஃபோலிக் அமிலம் 5 மி.கி. போடுங்கள், எல்லோருக்கும் அதுதான்.

இத்தனை ஒழுங்காகப் போட்டும் 15ஆம் வாரத்தில் என் ஹீமோகுளோபின் 9.6, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் 8. இரண்டுமே குறைவு. அழுதேன். நான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்தேன். பிறகுதான் ஒரு மருத்துவர் தாளில் குடலை வரைந்து காட்டினார். இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கத்தில். பைபாஸில் உணவு தொடாமல் தாண்டிப் போகும் இடமும் அதுதான். வாசலையே அடைத்துவிட்டு, வந்தவர் ஏன் உள்ளே வரவில்லை என்று அழுதால் எப்படி? நரம்பு வழியாக இரண்டு தடவை இரும்பு ஏற்றினார்கள். முதல் மூன்று மாதங்களில் அதைக் கொடுக்க மாட்டார்கள், அதனால் இப்போதே பெரிட்டின் பார்த்துவைத்துக்கொண்டால் தேதி குறிக்க வசதி. உங்கள் கருத்தடை மாத்திரைக்கும் இதே கதைதான். பைபாஸுக்குப் பிறகு வாய்வழி மாத்திரை முழுவதும் உடலில் சேரும் என்று நம்ப முடியாது. எடை குறைந்ததும் சினைப்பை விழித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் தும்பைப்பூவுக்குத் தும்பைமொட்டு.

கடைசியாக ஒன்று. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் மறக்காதீர்கள். 31ஆம் வாரத்தில் ஒரு மாலை மேல்வயிற்றில் வலி. சாப்பிட்டால் கூடியது, முதுகுக்குப் பாய்ந்தது. பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனையில் வாயு என்று சொல்லி ஒரு சிரப் கொடுத்து அனுப்பினார்கள். இரவு பதினொன்றுக்கு வலியில் வளைந்து வேறோர் இடத்துக்குப் போனோம். அங்கே பிரசவ அறைக்கு அழைத்த மருத்துவரிடம் என் கணவர் கிட்டத்தட்டக் கத்தினார்: "இவளுக்குப் பைபாஸ் செய்திருக்கிறது, அறுவை சிகிச்சை மருத்துவரைக் கூப்பிடுங்கள்." உள்குடலிறக்கம். எடை குறையும்போது குடலைப் பிடித்திருக்கும் சவ்வில் கொழுப்பு கரைந்து இடைவெளி பெரிதாகிறது, வளரும் கருப்பை குடலை மேலே தள்ளுகிறது, குடல் அந்த இடுக்கில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. அன்றிரவே நுண்துளை அறுவை சிகிச்சை. விடிந்தபோது பிள்ளையின் நெஞ்சுத்துடிப்பைக் கேட்க வைத்தார்கள். 38ஆம் வாரத்தில் சுகப்பிரசவம், 2.6 கிலோ. இன்று அவளுக்கு மூன்று வயது, அலாரம் அடித்தால் "அம்மா, மாத்திரை" என்கிறாள்.

ஆகவே மேல்வயிற்று வலி வந்தால், "பைபாஸ் செய்தவள்" என்பதுதான் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். பெயர்கூட அடுத்ததுதான். தராசின் முள்ளைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், அதைத் தூக்கிப் பரணில் போடுங்கள்.

தராசு:

நான் ஊட்டச்சத்து ஆலோசகர். பெயர்ப் பொருத்தத்தால் தராசுக்கு வக்காலத்து வாங்க வந்தேன் என்று நினைக்க வேண்டாம். ஏழுமணி அலாரம் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நான் கையெழுத்திடுவேன். இரண்டு இடங்களில் மட்டும் மாறுபடுகிறேன்.

ஃபோலிக் அமிலம் 5 மி.கி. எல்லோருக்கும் அல்ல. வழக்கமான அளவு 400 மைக்ரோகிராம். உடல் நிறை குறியீட்டெண் 30ஐத் தாண்டியவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் போன்றோருக்குத்தான் 4 அல்லது 5 மி.கி., அதுவும் 12ஆம் வாரம்வரை. தும்பைப்பூவின் கணக்கு 31க்கு மேல் வருகிறது, எனவே அவருக்கு அது பொருந்தலாம். ஆனால் முதலில் பி12 அளவைப் பார்க்க வேண்டும். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் அள்ளிக் கொடுத்தால் இரத்தச் சோகை சரியானது போலத் தோன்றும், நரம்புகளுக்கு உள்ள கேடு திரைக்குப் பின்னால் தொடரும். பைபாஸ் செய்தவர்களுக்கு பி12 பெரும்பாலும் ஊசியாகத்தான் தேவைப்படுகிறது. தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் அதை விடக் கூடாது. தாய்க்கு பி12 இல்லையென்றால் பால் குடிக்கும் குழந்தையின் நரம்பு வளர்ச்சியும் பாதிக்கப்படும்.

இரண்டாவது, எடை. 30க்கு மேல் குறியீட்டெண் உள்ள தாய்க்குக் கர்ப்பகாலம் முழுவதிலும் 5 முதல் 9 கிலோ கூடினால் போதும் என்பது 2009 முதல் அமெரிக்காவில் வழிகாட்டியாக உள்ள அளவு. முதல் மூன்று மாதங்களில் மசக்கையால் ஓரிரு கிலோ குறைவது யாருக்கும் நடக்கும். ஆனால் அதன் பிறகும் மாதம் இரண்டு கிலோ இறங்கினால் அதைப் பரணில் போட முடியாது, தெரியப்படுத்த வேண்டும். பைபாஸுக்குப் பிறகு பிறக்கும் குழந்தைகள் எடை குறைவாக இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால், 24ஆம் வாரத்துக்குப் பிறகு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை வளர்ச்சி ஸ்கேன் எடுப்பார்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 118 கிலோவில் கர்ப்பமாகியிருந்தால் இருந்திருக்கக்கூடிய கர்ப்பகாலச் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் ஆகியவற்றின் ஆபத்து இப்போது குறைவு.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது, நான்கு முறை வாந்தி என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி. தயமின் என்னும் வைட்டமின் பி1 உடலில் சில வாரங்களுக்குத்தான் இருப்பு இருக்கும். தொடர்ந்து வாந்தி எடுக்கும் பைபாஸ்காரருக்கு அது தீர்ந்தால் மூளையே பாதிக்கப்படும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம் இவையெல்லாம் அதன் அடையாளங்கள். நீர்ச்சத்துக் குறைந்து குளுக்கோஸ் ட்ரிப் ஏற்ற நேர்ந்தால், அதற்கு முன்பே தயமின் கொடுக்க வேண்டும். முதலில் குளுக்கோஸ் போனால் மிச்சமிருக்கும் தயமினையும் அது செலவழித்துவிடும். நாளைக்கே உங்கள் மருத்துவரைக் கூப்பிட்டு வாந்தியைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஏழு டப்பாக்களில் பல்வைட்டமின் எது என்று பார்த்து, அதில் வைட்டமின் ஏ எந்த வடிவில் இருக்கிறது என்று படியுங்கள். ரெட்டினால் என்றிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், அதிகமானால் கருவுக்குக் கேடு. பீட்டா கரோட்டின் என்றிருந்தால் சரி. ஈரலும் மீன் ஈரல் எண்ணெயும் இப்போது வேண்டாம். தலைவலிக்கு இபுப்ரோஃபென் போன்றவற்றைத் தொடவே வேண்டாம். தையல் போட்ட இடத்தில் புண் வரும், கர்ப்பத்துக்கும் ஆகாது.

உணவைப் பொறுத்தவரை உங்கள் உறவினர்களுக்கு என் சார்பில் ஒரு பதில் சொல்லுங்கள்: இரண்டு பேருக்கு அல்ல, ஆறு வேளைக்கு. நாளொன்றுக்கு 60 கிராம் புரதம் குறைந்தபட்ச இலக்கு. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. தட்டில் எதை முதலில் எடுப்பது என்பதுதான் உங்கள் நிலையில் முக்கியம். முட்டையும் மீனும் பருப்பும் தயிரும் முதலில், ரொட்டி கடைசியில். தண்ணீர், சாப்பிட்டு அரைமணி கழித்து, மடக்கு மடக்காக.

பின்வரிசைக்காரி:

எனக்கு ஸ்லீவ், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை. மேலே இருவரும் சொன்னதற்கு மேல் மருத்துவம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஐந்தாம் மாதத்தில் இரண்டு கிலோ கூடியபோது நான் மகிழவில்லை, நடுங்கினேன். அறுவை சிகிச்சை செய்து குறைத்த எடை திரும்பி வருகிறது என்றுதான் மனம் சொன்னது. இரண்டு நாட்கள் இரவு உணவைத் தவிர்த்தேன், யாருக்கும் சொல்லாமல். மூன்றாம் நாள் ஆலோசகரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. பிறகு அவரது அறையில் மட்டும், முள்ளுக்கு முதுகைக் காட்டி நின்று எடை பார்த்தேன். எண்ணை அவர் எழுதிக்கொள்வார், நான் கேட்க மாட்டேன். இரண்டு தரப்புக்கும் அது வசதியாக இருந்தது.

தும்பைப்பூ:

அக்காமார் மூவருக்கும் நன்றி. காலையிலேயே மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்துவிட்டேன். "பைபாஸ் செய்தவள்" என்றுதான் ஆரம்பித்தேன், பெயரை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். குளுக்கோஸ் பரிசோதனை ரத்து. அதற்குப் பதில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பார்க்க இரத்தம் எடுத்தார்கள். வாந்திக்கு மாத்திரையும் தயமின் ஊசியும் போட்டார்கள். பல்வைட்டமின் டப்பாவில் ரெட்டினால் என்றுதான் இருந்தது, மாற்றிவிட்டார்கள். பெரிட்டின் 21, வைட்டமின் டியும் குறைவு. ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் எல்லாவற்றையும் மறுபடி பார்ப்பார்களாம். கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டேன், மூன்றாம் பக்கத்தை யாரும் தேட வேண்டாம்.

இன்று ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் தயிரும் உள்ளே நின்றிருக்கின்றன. மணி நான்கு. இதுவரை ஒரே ஒரு வாந்தி.

ஏழுமணி அலாரம்:

நல்லது. ஆனால் பி12 எவ்வளவு என்று எழுதவில்லையே?