காரைக்குடில 11 ஆயிரத்துக்கு அபார்ட்மெண்டா, கோட்டையூர்ல பழைய வீட்டுப் பின்கட்டா?

புதுக்குடித்தனம்:
வணக்கம். என் வீட்டுக்காரருக்கு அழகப்பாபுரம் பக்கம் ஒரு காலேஜ்ல வேலை, கைக்கு 28 ஆயிரம் வருது, நான் இன்னும் வேலை தேடிட்டு இருக்கேன், பொண்ணு யுகேஜி. நூறடி ரோடு பக்கம் அபார்ட்மெண்ட் ஒண்ணு பாத்தோம், ரெண்டு பெட்ரூம், வாடகை 11,000, மெயின்டனன்ஸ் 1,000 தனி, அட்வான்ஸ் ஒரு லட்சம், புரோக்கருக்கு ஒரு மாச வாடகை. லிஃப்ட் இருக்கு, கார் பார்க்கிங் இருக்கு, எங்ககிட்ட கார்தான் இல்ல. இன்னொண்ணு கோட்டையூர்ல ஒரு செட்டியார் வீட்டுப் பின்கட்டு. ரெண்டு ரூம், அடுப்படி, பின் தெருவுல தனி வாசல், தரையெல்லாம் ஆத்தங்குடி கல்லு, 5,500தான், அட்வான்ஸ் 30 ஆயிரம். சாவி வச்சிருக்க பெரியவர் "3 லட்சம் ஒத்திக்குன்னா வாடகையே வேண்டாம்மா"ங்குறார். நகையை வச்சா அதைப் புரட்டிரலாம். எது நல்லது? அப்புறம் இத்தனை பெரிய வீடு பூட்டிக் கெடக்குற ஊர்ல வாடகைக்கு வீடு கெடைக்க ஏன் இந்தப் பாடு?

செக்காலை அண்ணே:
தங்கச்சி, பூட்டிக் கெடக்குன்னா சும்மா கெடக்குன்னு அர்த்தம் இல்ல. ஒரு வீட்டுக்குப் பத்து பதினஞ்சு பங்காளி இருப்பாக, ஒருத்தர் சென்னை ஒருத்தர் மலேசியான்னு, ஆளுக்கொரு ரூம்ல ஆளுக்கொரு பூட்டு தொங்கும், ஒருத்தர் வாடகைக்கு விடலாம்னா இன்னொருத்தர் கூடவே கூடாதும்பார். கல்யாணம், முன்னோருக்குப் படைப்புன்னா அத்தனை பேரும் அங்கதான் வந்து எறங்கணும், அதனால குடியிருக்க ஆள் வச்சா தொல்லைன்னு விட்டுர்றாக. நீ மொதல்ல கேக்க வேண்டியது, அந்தப் பெரியவர் பங்கு உள்ளவரா, இல்ல சும்மா சாவி பாத்துக்குறவரா? அவரைக் கேக்காத, தெருமுக்குல துணி தேய்க்கிறவரைக் கேளு, கரெக்டாச் சொல்வாரு. வீடு தேடவும் அதே வழிதான், ஆப்ல வர்றது முக்கால்வாசி புரோக்கர் போட்டதுதான், சுப்பிரமணியபுரம், கழனிவாசல், செஞ்சை பக்கம் சாயங்காலம் நடந்து போனா கேட்ல டுலெட் அட்டை தொங்கும். என்ன ஆளுக, கறி சமைப்பீகளான்னு கேப்பாக, கேவலமாத்தான் இருக்கும், ஆனா கேக்காத வீடு கம்மி.

பத்திர ஆபீஸ் பக்கம்:
ஒத்திக்கு மட்டும் அவசரப்பட்டுப் போயிராதீங்க. ஒத்தின்னா அந்த வீட்டு மேல நீங்க கடன் குடுக்குறீங்கன்னு அர்த்தம், வெறும் ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக்கிட்டா போதும்பாங்க, போதாது, 100 ரூவாய்க்கு மேல எந்த ஒத்தியும் பதிவு பண்ணாத்தான் செல்லும். பதியணும்னா பங்கு உள்ள எல்லாரும் கையெழுத்துப் போடணும் இல்லன்னா பவர் குடுத்திருக்கணும், மலேசியாக்காரர் எப்ப வர்றது? பதிவுத்துறை வெப்சைட் டிஎன்ரெஜிநெட்ல வில்லங்கச் சான்று காசில்லாமப் பாக்கலாம்தான், ஆனா பூர்வீக வீடு அப்பா, பிள்ளைன்னு வாய்வார்த்தையிலயே கை மாறியிருக்கும், அதுல ஒண்ணும் தெரியாது, வில்லங்கம் சுத்தமா இருக்குன்னு நம்பிறாதீங்க. எங்க சொந்தத்துலயே ஒருத்தருக்கு ஒத்திப் பணம் வராம வீட்டையும் விட முடியாம இழுத்துக்கிட்டே கெடக்கு.

வாடகைன்னா எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், 2017ல போட்ட சட்டம், 2019 பிப்ரவரியிலேந்து நடைமுறையில இருக்கு. அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாதுன்னும் அதுல இருக்கு, ஆனா வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கிட்டா தவிரன்னு ஒரு வார்த்தையும் சேத்திருக்கு, அதுலதான் எல்லாரும் பூந்து வெளிய வந்துர்றாங்க. இருந்தாலும் சொல்லிப் பேசுங்க, ஒரு லட்சம் 60 ஆயிரத்துக்கு எறங்கலாம்.

பின்கட்டுக்காரி:
நான் பள்ளத்தூர்ல இதே மாதிரி வீட்லதான் இருக்கேன்க்கா. சித்திரை வெயில்லயும் உள்ள குளுகுளுன்னு இருக்கும், அதுல குறையே சொல்ல முடியாது. ஆனா செவுத்துல ஒரு ஆணி அடிக்க விட மாட்டாங்க, பழைய சுண்ணாம்புப் பூச்சு பேந்துரும்னு, எங்க வீட்ல காலண்டர்கூட ஜன்னல் கம்பியிலதான் தொங்குது. பாத்ரூம் வெளிய இருக்கா உள்ளயான்னு பாருங்க, மழைக்காலத்துல ராத்திரி பிள்ளையைத் தூக்கிட்டு ஓடணும். ஓடு ஒழுகுனா யார் செலவுன்னு ஒப்பந்தத்துலயே எழுதிருங்க. முக்கியமா கரண்ட்டு. உங்களுக்குன்னு தனி சர்வீஸ் நம்பர் இருக்கான்னு கேளுங்க, இருந்தா ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும், அவங்க சர்வீஸ்லேந்தே இழுத்த சப் மீட்டர்னா அது அவங்களுக்குப் போயிரும், நீங்க யூனிட்டுக்கு எட்டு பத்துன்னு அவங்க சொல்ற ரேட்டைத்தான் குடுக்கணும்.

புதுக்குடித்தனம்:
எல்லாருக்கும் நன்றி. தேப்பு கடை அண்ணன்கிட்ட விசாரிச்சேன், பெரியவருக்கு அஞ்சுல ஒரு பங்காம். கோட்டையூர்லேந்து வேலைக்குப் போக என் வீட்டுக்காரருக்கு பைக் இருக்கு, நான் டவுனுக்கு வேலைக்கு வந்தா என்ன பண்றது?

செக்காலை அண்ணே:
சாதாக் கட்டண டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கு டிக்கெட்டே கெடையாதே, அதுல வந்துரு. பங்கு இருக்குல்ல, மத்த நாலு பேர்ல ரெண்டு பேராவது போன்ல சரின்னு சொல்லட்டும், அதையும் வாட்ஸப்ல எழுதி அனுப்பச் சொல்லு. ஒத்தி வேண்டாம், நகையைத் தொடாத, வாடகைக்கே பேசு. ஆடியில யாரும் பால் காய்ச்ச மாட்டாக, அதனால வேற ஆள் போட்டிக்கு வராது, இப்பவே ஒரு ரெண்டாயிரம் டோக்கன் குடுத்து ஆவணி ஒண்ணுலேந்து வாடகைன்னு பேசிப் பாரு. 5,000க்குக் கேளு, குடுப்பாக.